பழி தீர்ந்த மறுநாள்

1982 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள், எஸ்.பி. முத்துராமன் இயக்கிய இரண்டு படங்கள் ஒன்றாகத் திரைக்கு வந்தன. ஒன்று ஏவி.எம்மின் ‘சகலகலா வல்லவன்’, கமல்ஹாசன் நடித்தது. மற்றொன்று ‘எங்கேயோ கேட்ட குரல்’, ரஜினிகாந்த் நடித்தது. இரண்டுக்கும் எழுத்து பஞ்சு அருணாசலம், இசை இளையராஜா. முன்னதில் ஓர் அநீதி நடக்கிறது, நாயகன் சவால் விட்டு அதற்குக் கணக்குத் தீர்க்கிறான், படம் முடிகிறது. பின்னதிலும் ஒருவனுக்கு அநீதி நடக்கிறது. அவன் கணக்குத் தீர்ப்பதில்லை. அந்தக் காயத்தோடு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறான், படம் அந்த ஆண்டுகளைக் காட்டுகிறது. பழி ஒரு படத்துக்கும், அநீதிக்குப் பிந்தைய வாழ்க்கை இன்னொரு படத்துக்கும் போயிற்று. தமிழ்த் திரையில் ‘சட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்பவன்’ கதை நாற்பது ஆண்டுகளாக ஏன் ஒரே இடத்தில் நின்றது என்ற கேள்விக்கு விடை இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2025 பிப்ரவரி 28 அன்று அமேசான் பிரைமில் வந்த ‘சுழல்’ தொடரின் இரண்டாவது சீசனை அதன் எல்லாக் குறைகளோடும் பொருட்படுத்த வேண்டியிருப்பதும் இதனால்தான். அது அந்த இரண்டு படங்களையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்தது.

முத்துராமனை இந்த வாதத்தின் மையத்தில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பழிவாங்கும் கதைகளுக்கென்றே பெயர் பெற்ற இயக்குநர்கள் வேறு பலர் உண்டு. ஆனால் ஒரு காலகட்டத்தின் பொதுச் சுவையை வடித்தெடுத்துக் காட்ட இவரைப் போல் ஒருவர் கிடைப்பது அரிது. 1935இல் காரைக்குடியில் பிறந்தவர். தந்தை இராம. சுப்பையா திராவிட இயக்க மேடைகளில் அறியப்பட்டவர். சுப. வீரபாண்டியன் இவருடைய தம்பி. இவர் வேலைக்குச் சேர்ந்த நிறுவனமும் அதே ஊரில் வேர் விட்டதுதான். காரைக்குடி அ.வி. மெய்யப்ப செட்டியார் போர்க்காலத்தை ஒட்டித் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டுடியோ நடத்தி, ‘நாம் இருவர்’ படத்தை 1947இல் வெளியிட்டு, அடுத்த ஆண்டு கோடம்பாக்கத்துக்கு ஜாகை மாற்றினார். அந்த ஏவி.எம்மின் எடிட்டிங் அறையில் தொழில் பழகி, கிருஷ்ணன்-பஞ்சு, ஏ.சி. திருலோகசந்தர் போன்றோரிடம் உதவியாளராக இருந்து, 1972இல் ‘கனிமுத்து பாப்பா’வில் இயக்குநரானவர் முத்துராமன். ஏறத்தாழ எழுபது படங்கள். அதில் ரஜினியுடன் மட்டும் இருபத்தைந்து. குறித்த நாளில், குறித்த செலவில் படத்தை முடித்துக் கையில் கொடுப்பவர் என்பது இண்டஸ்ட்ரியில் அவருக்கு இருந்த பெயர். அப்படிப்பட்டவர் தன் விருப்பு வெறுப்பைத் திணிப்பதைவிட, பார்வையாளர் எதற்கு டிக்கெட் வாங்குகிறார் என்பதைத்தான் படமாக எடுப்பார். ஆகவே அவர் படங்களைப் படிப்பது அந்தக் காலத்து அரங்கைப் படிப்பதற்குச் சமம்.

‘சகலகலா வல்லவன்’ கதையை இன்று நினைவுபடுத்திக்கொண்டால் திகைப்பு வரும். கிராமத்துப் பண்ணையாரின் மகன் வேலுவின் தங்கை வள்ளியைக் கெடுத்துவிடுகிறான். வேலு போலீசுக்குப் போவதில்லை, பழிக்குக் கொலையும் செய்வதில்லை. கெடுத்தவனையே அவள் கழுத்தில் தாலி கட்ட வைப்பேன் என்று சபதம் செய்கிறான். பண்ணையாரின் மகளைத் தான் மணக்கிறான், பட்டணத்து வேஷம் போடுகிறான், தங்கையையும் ஆளே தெரியாதபடி மாற்றுகிறான், நினைத்ததை முடிக்கிறான். கொட்டகையில் கைதட்டல். புத்தாண்டு நள்ளிரவுதோறும் இன்றும் ஒலிக்கிற அந்தப் பாட்டுக்காகவே படம் நினைவில் நிற்கிறது. கதை பெரும்பாலும் மறந்துபோயிற்று. வன்முறையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள்கூட இந்த ஏற்பாட்டில் ரத்தம் இல்லையே என்று ஆறுதல் அடைந்திருப்பார்கள். ஆனால் வள்ளியிடம் யார் கேட்டார்கள்? குற்றத்தைச் சொல்லும் உரிமை, தண்டனையைத் தீர்மானிக்கும் உரிமை இரண்டும் அண்ணனுக்கு. அந்தத் தண்டனையை நாள்தோறும் அனுபவிக்கும் கடமை மட்டும் அவளுக்கு. இந்தப் படத்துக்கு இன்று ஒருவர் இரண்டாவது சீசன் எழுத உட்கார்ந்தால், அது வேலுவின் சாகசத்தில் தொடங்க முடியாது. கல்யாணம் முடிந்த மறுநாள் அந்த வீட்டு அடுப்படியில் வள்ளி நிற்பதில்தான் தொடங்க வேண்டும். கதையின் உண்மையான சுமை அங்கே கிடப்பது அப்போது தெரிந்துவிடும்.

முந்தைய ஆண்டு வந்த ‘நெற்றிக்கண்’ (1981) இந்த விஷயத்தில் சற்று மேல். விசுவின் கதை, கவிதாலயா தயாரிப்பு, ரஜினிக்கு அப்பா பிள்ளை என இரட்டை வேடம். அப்பாவால் கெடுக்கப்பட்ட ராதா, அதே வீட்டுக்குள் மகனின் மனைவி என்ற பெயரில் நுழைகிறாள். குற்றவாளி தினமும் அவள் முகத்தில் விழிக்க வேண்டும் என்பதே தண்டனை. சரிதாவின் அந்தப் பார்வைக்கு முன்னால் ரஜினியின் பெரியவர் குறுகிப்போகும் காட்சிகளில் முத்துராமனின் கை தெரியும். பாதிக்கப்பட்டவள் இங்கே ஓரளவுக்காவது தன் வழக்கைத் தானே நடத்துகிறாள். இருந்தாலும் வழக்கு வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை. குடும்ப மானத்துக்குள்ளேயே விசாரணை, அதற்குள்ளேயே தீர்ப்பு.

பிறகு 1984 பொங்கலுக்கு வந்தது ‘நான் மகான் அல்ல’. சுபாஷ் கயின் ‘விஸ்வநாத்’ (1978) இந்திப் படத்தின் தமிழ் வடிவம். இதில் நாயகன் ஒரு வக்கீல். பணக்காரக் குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றும் அவனையே பொய் வழக்கில் சிக்க வைத்துச் சிறைக்கு அனுப்புகிறார்கள். வெளியே வந்தவன் சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறான். சட்டம் படித்தவனே சட்டத்தைக் கைவிடும்போது பார்வையாளருக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்? எண்பதுகளில் இந்தத் தர்க்கம் தனி வகையாகவே பெருகிற்று. எஸ்.ஏ. சந்திரசேகரன் 1981இல் ‘சட்டம் ஒரு இருட்டறை’யில் தொடங்கி, 1985இல் ‘நான் சிகப்பு மனித’னில் கல்லூரிப் பேராசிரியர் கையில் துப்பாக்கி கொடுத்தார். அமெரிக்காவில் 1974இல் வந்த ‘டெத் விஷ்’ போட்ட பாதை இந்தி வழியாக இங்கே வந்து சேர்ந்த கதை அது. அடுத்த தலைமுறையில் ஷங்கர் அதைப் பிரம்மாண்டமாக்கினார். ‘ஜென்டில்மேன்’, ‘இந்தியன்’, கருட புராணத் தண்டனைகளை வைத்த ‘அந்நியன்’, 2007இல் ஏவி.எம்முக்கே எடுத்த ‘சிவாஜி’. நாயகனின் வயது, உடை, குறி மாறிற்று. ஊழல், லஞ்சம், கறுப்புப் பணம் என்று எதிரி மாறினான். கடைசி ரீல் மட்டும் மாறவில்லை. ஜீப் வரும், நாயகன் கையை நீட்டுவான், அல்லது தப்பிப்போய் எங்கிருந்தோ எச்சரிப்பான். அதோடு சரி. வாய்தா, ஜாமீன் மனு, சாட்சி பிறழ்வது, செத்தவனின் மனைவி பிள்ளைகள், கொன்றவனின் தூக்கம் எதுவும் நம் கண்ணில் பட்டதில்லை. இரண்டரை மணி நேரம் முடிந்துவிடும்.

இதே முத்துராமன் 1979இல் ‘ஆறிலிருந்து அறுபது வரை’ எடுத்தவர் என்பதை மறந்துவிட்டு இதைப் பேசினால் அநியாயம். தம்பி தங்கைகளைத் தூக்கிவிட்டு அவர்களாலேயே உதாசீனப்படுத்தப்படும் அச்சகத் தொழிலாளி சந்தானம், யாரையும் பழிவாங்குவதில்லை. மனைவி தீ விபத்தில் போகிறாள். அவன் வயதாகிறான். ‘புவனா ஒரு கேள்விக்குறி’யில் (1977) கைவிடப்பட்ட பெண்ணுக்குப் பொறுப்பேற்பவன் கைவிட்டவனைத் தேடிப்போய் அடிப்பதில்லை, அந்தக் குழந்தையை வளர்க்கிறான். ‘எங்கேயோ கேட்ட குரல்’ குமரனை விட்டு மனைவி பொன்னி வேறொருவனோடு போய், பிறகு திரும்பி ஊருக்கு ஒதுங்கி வாழ்கிறாள். அவள் சாவில் ஊரே எதிர்த்து நிற்க, கொள்ளி வைப்பவன் அவன். அநீதிக்குப் பின்னால் காலம் எப்படி நகரும், வீட்டில் மௌனம் எப்படி உட்காரும், மன்னிப்பு என்பது எவ்வளவு மெதுவாக வரும் என்பதெல்லாம் இந்த இயக்குநருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவர் அதை ‘குடும்பப் படம்’ என்ற அலமாரியில் வைத்தார், பழியை ‘ஆக்‌ஷன் படம்’ என்ற அலமாரியில் வைத்தார். அலமாரியைச் செய்தது அவர் மட்டுமில்லை. விநியோகஸ்தர், தியேட்டர்காரர், ரசிகர் மன்றம் எல்லோரும் சேர்ந்து செய்தது. ஒரே நாளில் வெளியான இரு படங்கள் அதற்குக் கிடைத்த அச்சு அசலான சாட்சியம், அவ்வளவுதான்.

‘சுழல்’ முதல் சீசன் 2022 ஜூன் 17 அன்று வந்தது. எழுதி உருவாக்கியவர்கள் புஷ்கர்-காயத்ரி. ‘ஓரம் போ’, ‘வ குவாட்டர் கட்டிங்’ ஆகியவற்றுக்குப் பிறகு 2017இல் ‘விக்ரம் வேதா’வில், குற்றவாளி சொல்லும் கதைகளைக் கேட்கக் கேட்க என்கவுன்ட்டர் அதிகாரியின் நியாயம் கரைந்துபோவதைக் காட்டியவர்கள். ஆகவே சட்டத்துக்கு வெளியே வழங்கப்படும் தீர்ப்பு அவர்களுக்குப் புதிய பொருளில்லை. மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும் சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் ஒரு சிறுமி காணாமல் போகிறாள். தேடலின் முடிவில், வீட்டுக்குள்ளேயே இருந்த சித்ரவதைக்காரர் வெளிப்படுகிறார். அவரால் சிறுவயதில் பாதிக்கப்பட்ட நந்தினி அவரைக் கொன்றுவிடுகிறாள். பழைய படமாக இருந்தால் அங்கே ‘வணக்கம்’ போட்டிருப்பார்கள். பார்வையாளரும் நிறைவாக எழுந்து போயிருப்பார். ஆனால் இது தொடர். தொடர் என்றால் அடுத்த சீசன் வேண்டும், அடுத்த சீசன் என்றால் மறுநாள் விடிந்தாக வேண்டும். பிரம்மாவும் சர்ஜுனும் இயக்கிய இரண்டாவது சீசன், ஐஸ்வர்யா ராஜேஷின் நந்தினியைச் சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் வைத்துத் தொடங்குகிறது. கொலை முடிந்துவிட்டது, வழக்கு நடக்கிறது. அவளுக்காக வாதாடும் செல்லப்பா (லால்) பூட்டிய வீட்டில் இறந்துகிடக்கிறார். அந்தக் கொலையை நான்தான் செய்தேன் என்று எட்டு இளம்பெண்கள் முன்வருகிறார்கள். அஷ்டகாளி திருவிழா பின்னணியில் மேளம் கொட்டுகிறது.

எட்டுப் பேரின் வாக்குமூலம் என்ற இந்தத் திருப்பத்தைப் பலர் வெறும் துப்பறியும் புதிராகப் பார்த்தார்கள். சட்டம் தெரிந்தவருக்கு இதில் வேறொரு கூர்மை தெரியும். காவல்துறை அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதைத்தான் சொல்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் அடித்து வாங்குவது நிற்க வேண்டும் என்பதற்காக வந்த பாதுகாப்பு அது. அந்தப் பாதுகாப்பையே எட்டுப் பெண்கள் கவசமாக்கிக்கொள்கிறார்கள். ‘நான்தான்’ என்று எட்டுப் பேர் சொன்னால், ‘யார்’ என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் அரசின் தலையில். பழைய நாயகன் கோர்ட்டுக்குப் போய்ச் சாமானியர் சார்பில் முழங்குவான். இவர்கள் முழங்குவதில்லை. வழக்கு நாட்குறிப்பில், சிறைத் தாழ்வாரத்தில், விசாரணை அறையின் மேசைக்கு எதிரே, மிகச் சின்ன அசைவுகளில் சண்டை நடக்கிறது. குற்றத்தைச் சொல்பவளும், செய்ததாக ஏற்பவளும், அதன் விலையைக் கொடுப்பவளும் ஒருத்தியே. வள்ளிக்கு மறுக்கப்பட்டது இது.

சிவகங்கைச் சீமைக்காரர்களுக்கு இந்த வேறுபாடு புரியக் கஷ்டப்பட வேண்டியதில்லை. காளையார்கோவிலுக்குப் போகிற வழியில் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயில் இருக்கிறது. வேலு நாச்சியார் போன திசையைக் காட்டிக்கொடுக்காமல் வெட்டுப்பட்ட உடையாள் என்ற பெண்ணின் நினைவோடு பிணைந்த கோயில். நகை போனவர், நிலத்தை இழந்தவர், ஏமாற்றப்பட்டவர் இங்கே வந்து காசு வெட்டிப் போடுவார்கள். ஒரு நாணயத்தைக் கல்லில் வைத்து இரும்பால் இரண்டாக வெட்டி, கேஸை அம்மனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. காசை வெட்டுகிறவர் பாதிக்கப்பட்டவரே, அவருக்காக ஒரு நாயகன் வந்து வெட்டுவதில்லை. பொய்யாக வெட்டினால் அது வெட்டியவரையே திருப்பித் தாக்கும் என்பது நம்பிக்கை. முறையிடுகிறவரும் தன் தலையைப் பணயம் வைத்தாக வேண்டும். இந்த ஊர்ப்புற நீதியின் நியாய அநியாயம் தனி விவாதம். சட்டப்படி அதற்கு மதிப்பில்லை, பகையை வளர்த்துவிட்ட சம்பவங்களும் இருக்கும். ஆனாலும் மூன்று தலைமுறைத் திரை நாயகர்கள் பணயம் வைக்காத ஒன்றை அந்தக் காசு பணயம் வைக்கிறது. அஷ்டகாளியைத் தொடருக்குள் கொண்டுவந்தவர்கள் இதை அறிந்து செய்தார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. காளியை அலங்காரமாக மட்டும் வைத்துவிடும் இடங்களில் தொடர் தளர்கிறது, பெண்களே தங்கள் வழக்கைத் தூக்கிச் சுமக்கும் இடங்களில் நிமிர்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

முத்துராமனை இப்படி நிறுத்தி விசாரிப்பது முறையா என்று கேட்பவர்கள் உண்டு. பொழுதுபோக்குக்காக எடுத்த மசாலாப் படங்களில் சமூகவியல் தேடலாமா, அன்றைய தணிக்கை விதிகளே குற்றத்தை நியாயப்படுத்தக்கூடாது என்றனவே, அதனால்தானே கடைசியில் போலீஸ் வந்தது என்பது அவர்கள் வாதம். இரண்டாவது பகுதியில் உண்மை இருக்கிறது. ஆனால் அதுவே என் கருத்துக்குச் சான்றாகவும் ஆகிறது. சட்டத்தைத் தணிக்கைக்காகச் செலுத்தும் வரியாக மட்டும் வைத்திருந்ததால்தான், விலங்கு பூட்டிய மறுவினாடி திரை இருண்டது. ஒரே ஒரு ஷாட்டில் கொடுத்துத் தீர்க்கும் வரியைச் ‘சுழல்’ இரண்டாவது சீசன் எட்டு எபிசோடுக்கு நீட்டிக் கட்டுகிறது. இத்தனைக்கும் ஓடிடி தளங்களுக்குத் திரைப்படத் தணிக்கை கிடையாது, 2021 விதிகளின்படி தாங்களே வயது வகைப்பாடு போட்டுக்கொள்கிறார்கள். வற்புறுத்தல் இல்லாத இடத்தில் விளைவைக் காட்டுகிறார்கள், வற்புறுத்தல் இருந்த இடத்தில் மறைத்தோம்.

இன்னொரு மறுப்பு வலுவானது. நீதிமன்றம் காலம் கடத்துகிறது, பணம் படைத்தவன் தப்பிக்கிறான், மக்களுக்குத் திரையிலாவது ஒரு தீர்ப்பு வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் திரையின் தீர்ப்பு திரையோடு நிற்பதில்லை. 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே பாலியல் கொலை வழக்கில் பிடிபட்ட நால்வர் போலீஸ் துப்பாக்கியில் செத்தபோது, போலீசார் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அவர்கள் திட்டமிட்டே சுடப்பட்டார்கள் என்ற முடிவுக்கு வருவதற்குள் பூ உலர்ந்துவிட்டது. 2025 ஜூனில் இதே சிவகங்கை மாவட்டத்தில் மடப்புரம் காளி கோயிலின் காவலாளி ஒருவர், நகை காணாமல் போன புகாரில் தனிப்படை போலீசாரின் விசாரணையில் அடிபட்டு இறந்தார். காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. சட்டத்தைக் கையில் எடுப்பவன் எப்போதும் நல்லவன்தான் என்று பழக்கப்படுத்தப்பட்ட கண்ணுக்கு, எடுக்கும் கை காக்கிச் சட்டைக்குள் இருந்து நீளும்போது வித்தியாசம் தெரியாமல் போகிறது. மறுபுறம், சட்டம் கல்லாகவே இருக்கிறது என்பதும் முழு உண்மையில்லை. குழந்தைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த ஒரு தாயின் வழக்கில், 1989இல் சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காள் கதையையே எடுத்துப் பேசி, நெடுநாள் துன்பம் தரும் ஆத்திரத்தையும் கணக்கில் எடுக்க இடமுண்டு என்றது. நந்தினி போன்றவளுக்கு வாதாட வேண்டிய வக்கீலுக்கு அங்கேதான் வாசல் திறக்கிறது. அந்த வாதம் அரிவாளைவிடச் சுவாரசியமானது, அதைப் படமாக எடுக்கத்தான் நமக்கு ஆள் கிடைக்கவில்லை.

திரைப்படமும் அசைந்திருக்கிறது என்று சொல்லாவிட்டால் கணக்கு சரிவராது. ‘சித்தா’ (2023), குழந்தைக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு பெரியவர்களின் ஆத்திரத்தைவிடக் குழந்தையின் பயம் முக்கியம் என்பதைப் பார்த்தது. ‘வேட்டையன்’ (2024) ரஜினியையே தவறான ஆளைச் சுட்டுவிட்ட அதிகாரியாக்கிற்று. ‘நான் மகான் அல்ல’ வக்கீல் நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து குற்ற உணர்வோடு நிற்பது போலிருந்தது அந்த முகம். ‘இந்தியன் 2’ (2024) கூட சேனாபதியை நம்பிய பிள்ளைகளின் வீடுகள் குலைவதையும், ஊரே அவரைத் திரும்பிப் போ என்று விரட்டுவதையும் காட்டப் பார்த்தது. பார்த்தது, பிறகு பயந்துபோய் மீண்டும் வர்மக்கலைக்கு ஓடிவிட்டது. படம் தோற்றதற்கு நீளத்தைச் சொன்னார்கள். தான் எழுப்பிய கேள்வியிலிருந்தே தப்பி ஓடியதுதான் பெரிய காரணமாக எனக்குப் படுகிறது.

தொடர் வடிவத்தையும் தூக்கி வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. அமெரிக்காவில் ‘டெக்ஸ்டர்’ எட்டு சீசன் ஓடியதற்குக் காரணம், கொலைகாரன் மாட்டிக்கொள்ளாமல் இருந்தது. அடுத்த சீசன் என்ற வியாபாரக் கட்டாயம் அவனை ஒவ்வொரு முறையும் தப்பிக்க வைத்தது. மறுநாள் விடிந்தது, ஆனால் அடுத்த வேட்டைக்கு. ஆகவே சீசன் என்பது தானாகவே நியாயத்தைக் கொண்டுவராது. ‘சுழல்’ இரண்டாவது சீசனிலும் இந்த இழுபறி இருக்கிறது. ஐந்தாறு எபிசோடுகளுக்குப் பிறகு புதிருக்கான விடைகள் அவசரமாகக் கொட்டப்படுகின்றன. எட்டுப் பெண்களில் இரண்டு மூன்று பேர் தவிர மற்றவர்கள் முகங்களாக மட்டும் நின்றுவிடுகிறார்கள். சிறைக்காட்சிகளில் கிடைத்த நிதானத்தை மேளச் சத்தம் விழுங்குகிறது. மூன்றாவது சீசன் வருமானால், நந்தினிக்குத் துரத்துவதற்கு இன்னொரு அயோக்கியனைக் கொடுப்பார்களா, அல்லது அவளுக்கு வேலை கொடுக்கத் தயங்கும் ஒரு கடைக்காரரையும், வாடகைக்கு வீடு தர யோசிக்கும் ஒரு தெருவையும் கொடுப்பார்களா என்பதில் தெரிந்துவிடும், எழுதுகிறவர்கள் எந்த அலமாரிக்கு எழுதுகிறார்கள் என்பது.